உடைமைப் பட்டியலில் ஒரு பொம்மை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு வாயை மூடத் தெரியவில்லை. முன்பு ஒருத்தனுக்கு மூலம் வந்தால் அது அவனுக்கும் அவன் உட்காரும் நாற்காலிக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது பஸ்ஸில் ஏறினால் போதும். முன் சீட்டுக்காரனுக்குச் சர்க்கரை எவ்வளவு, பின் சீட்டுக்காரிக்குக் கட்டி எந்த இடத்தில் என்பதெல்லாம் இறங்குவதற்குள் மனப்பாடம் ஆகிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் கையில் மருந்து ஏறுகிற குழாயைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. ஆனாலும் அனுப்புகிறார்கள். நோயை என்னவோ பரிசு வாங்கின மாதிரி.

அந்த வியாழக்கிழமை பிற்பகல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், வெல்டர் இப்படித்தான் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஆள் தன் மலச்சிக்கலைப் பற்றி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான். வெல்டர் அவனை ஒரு முறை பார்த்தார். அவன் குரலைக் குறைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இன்றைக்கு வேறு கவலை.

வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் வெல்டர்தான். எழுபத்தொரு வயது. வலது முழங்கால் தேய்ந்துபோய், மாடிப்படி ஏறினால் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் போடும். ஆபரேஷன் செய்தால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேலை பார்க்கும் கம்பெனியில் மாமனார் மாமியாருக்கும் காப்பீடு உண்டு. அந்தக் காகிதங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்புகிற மேஜையில் உட்கார்ந்திருப்பதும் அதே மருமகன்தான். வெல்டருக்கு அதிர்ஷ்டம் என்று தெருவே சொன்னது. அவரும் அப்படித்தான் நினைத்தார், அன்று காலை வரைக்கும்.

காலையில் மருமகன் ஆபீஸ் போகிற வழியில் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"மாமா, ஒரு நல்ல சேதி. ஆஸ்பத்திரியில உங்க ஃபைல் ரெடியாம். இன்னிக்கு நாலு மணிக்கு அவங்க ஆள் வந்து உறையை எடுத்துட்டுப் போயிடுவாராம். நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கும்."

"எந்த ஃபைல்? முழங்கால்தானே?"

"முழங்காலா? முழு ஃபைலும் மாமா. எல்லாம்னு நான்தான் டிக் போட்டேன். ஒண்ணொண்ணுக்கும் நீங்க அலைய வேண்டாம் பாருங்க. அந்தக் காலத்துலேர்ந்து அவங்ககிட்ட இருக்கிறது மொத்தமும் வந்துடும். நானே உக்காந்து ஒவ்வொரு பக்கமா பார்த்துடறேன், கவலைப்படாதீங்க."

வண்டி போய்விட்டது. வெல்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினைந்து நாளைக்கு முன்னால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவர்தான். மருமகன் நீட்டினார், இவர் போட்டார், பால்காரன் நோட்டில் போடுகிற மாதிரி. பஸ் பெயர்ப் பலகையும் பேப்பரில் பெரிய எழுத்தும் அவர் படிப்பார். பொடி எழுத்து என்றால் வரிக்குக் கீழே விரல் வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக நகர வேண்டும். அதை மருமகன் பார்க்கக் கூடாது. அதனால் படிக்கவில்லை.

அடுக்களையிலிருந்து வெல்டரின் மனைவி வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கையில் கரண்டி அப்படியே நின்றது.

"போடுறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

"கண்ணாடி உள்ளே இருந்துச்சு."

"மூக்கு மேல இருந்துச்சு. நான்தான் பார்த்தேனே."

அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்துநாலு வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒரு சங்கதி உண்டு. ஒன்று அவர், இன்னொன்று அவள்.

மகளுக்கு அப்போது நாலு வயது. வெல்டர் அப்போது குடித்தார். கொஞ்சநஞ்சமில்லை. வேலைக்குப் போகுமுன்பே கை நடுங்கும், குடித்தால்தான் நிற்கும் என்கிற அளவுக்கு. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து வார்டில் நாற்பத்தொரு நாள் போய்ப் படுத்தார். மகளிடம் அவள் அம்மா சொன்ன கதை வேறு. அப்பா தூரத்தில் ஒரு பெரிய இரும்புப் பாலம் ஒட்டப் போயிருக்கிறார், வரும்போது பொம்மை வாங்கி வருவார். அவரும் பொம்மையோடு வந்தார். அதற்கப்புறம் ஒரு சொட்டு தொட்டதில்லை.

ஆனால் பாலம் அவரை விடவில்லை. எந்தப் பாலத்தில் போனாலும் அந்தப் பெண் ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பா, இது நீ ஒட்டினதா?" என்று கேட்கும். ஒரு நாள் தாங்காமல் ஏதோ ஒரு பாலத்துக்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். இன்றைக்கு அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அந்தப் பாலம் வந்தால் தன் பிள்ளைகளுக்குக் காட்டுகிறாள். மருமகன் ஆபீஸில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. போன வருஷம் கம்பெனி விருந்து முடிந்து வந்த மருமகனிடம் பீர் வாடை அடித்தது. வெல்டர் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். குடிக்கிறவன் நிழல்கூட என் வாசலில் விழக் கூடாது என்றார். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மருமகன்தான் நாளைக்குக் காலையில் மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கப் போகிறார்.

"நேரா போய், அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டு வாங்க," என்றாள் மனைவி.

"சொன்னா சரின்னு தலையாட்டுவாங்க. நான் முதுகைத் திருப்பினதும் எடுத்து நீட்டுவாங்க. யாரோ வந்து கேட்டாக் கொடுப்பாங்களா மாட்டாங்களான்னு முதல்ல பார்க்கணும்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

"நான் உன் தம்பியா போறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் தம்பி உங்களைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன். அவனுக்கு முடி இருக்கு."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

ஒட்டின இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் எந்த வேலையையும் அவர் கையைவிட்டு அனுப்பியதில்லை. இதையும் தட்டித்தான் பார்ப்பார். மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அடையாள அட்டையைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அதில்தான் தப்பு செய்தார். ஆனால் அது அப்போது தெரியவில்லை.

ரெக்கார்டு ரூம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. முழங்கால் முனகப் பதினெட்டுப் படி இறங்கினால் நீளமான நடை, அதன் கடைசியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நாலடி முன்னால் தரையில் மஞ்சள் கோடு. ஒருத்தர் ஜன்னலில் நிற்கும்போது அடுத்தவர் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். வெல்டர் கோட்டைப் பார்த்தார், தாண்டினார்.

"பெரியவரே, கோட்டுக்குப் பின்னாடி," என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"எனக்குக் காது கேட்காதும்மா, கிட்ட நிக்கிறேன்."

"நான் சொன்னது கேட்டுச்சில்ல?"

பின்னால் போய் நின்றார். இந்த மாதிரி அதிகாரம் பண்ணுகிற பொம்பளைதான் முதலில் விலை போவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர் முறை வந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். வலது கட்டைவிரலில் தாள் புரட்டுகிற ரப்பர் உறை. எதிரே ஒரு மேஜையில் பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. நாலு மணிக்குப் போகிற உறைகள். அதில் ஒன்று அவருடையது. எது என்று தெரியவில்லை.

"சொல்லுங்க ஐயா."

"ஒருத்தரோட ஃபைல் பார்க்கணும். என் அக்கா வீட்டுக்காரர்." தன் பெயரையே சொன்னார், பிறந்த தேதியையும் சொன்னார். சொல்லும்போது அது வேறு யாரோ மாதிரிதான் இருந்தது. "நான் அவருக்கு மச்சான்."

"அவர் வரலையா?"

"படுத்த படுக்கை."

"எழுதிக் கொடுத்திருக்காரா? கையெழுத்தோட?"

"கை விழுந்துடுச்சு."

"வாயால சொன்னாலும் போதும், போன்ல நான் பேசறேன்."

"பேச்சும் போயிடுச்சு."

ஐந்து நிமிஷத்துக்குள் தன்னைத் தானே இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டது வெல்டருக்கே சங்கடமாக இருந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் செத்தே போயிருப்பார்.

"அப்ப அவருக்குப் பதிலா முடிவு எடுக்கலாம்னு முறைப்படி வாங்கின தாள் இருக்கணும். அதைக் கொண்டுவாங்க."

"தாளெல்லாம் இல்லம்மா. அந்த ஆளுக்கு இங்கே ஃபைல் இருக்கா, அதையாவது சொல்லு."

"சொல்ல மாட்டேன் ஐயா."

"இருக்கா இல்லையாங்கிறதுகூடவா?"

"இருக்குன்னு சொன்னா அவர் இங்கே வந்திருக்காருன்னு சொன்னதா ஆயிடுமே. வந்தாரா இல்லையாங்கிறது அவர் விஷயம்."

வெல்டருக்கு நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் ஒரு தட்டில் நம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். இன்னும் பலமாகத் தட்ட வேண்டும். ஜன்னல் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"உனக்குத் தெரியாதும்மா. அந்த ஆள் பெரிய குடிகாரன். அந்தக் காலத்துல இங்கேதான் பின்னாடி எங்கேயோ கொண்டுவந்து போட்டிருந்தாங்கன்னு பேச்சு. என் அக்கா வாழ்க்கைம்மா. ஆமாம்னு தலையை மட்டும் ஆட்டு, போயிடறேன்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஐயா, நீங்க அவருக்கு உறவுதானே? பேச முடியாம கிடக்கிற மனுஷனைப் பத்தி, நாலு பேர் நிக்கிற இடத்துல, இப்படிப் பேசறீங்களே. அவர் இங்கே வந்து, இல்லம்மா நான் அப்படி இல்லன்னு சொல்ல முடியுமா? யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். அவர் இல்லாத இடத்துல அவரைப் பத்தி இந்த ஜன்னல்ல ஒரு வார்த்தை வராது. நீங்க போகலாம்."

வெல்டர் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்காக ஒருத்தர் பரிந்து பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தார். அதுவும் அவரையே திட்டி. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரிம்மா. நல்லது. நான்தான் அவன்."

"எவன்?"

"அந்தப் படுக்கையில கிடக்கிறவன்."

கோட்டுக்குப் பின்னால் எக்ஸ்ரே கவரோடு நின்ற ஒரு பெண்மணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கோடு இன்னும் நாலடி தள்ளி இருந்திருக்கலாம்.

"ஐயா," என்றாள் ரெக்கார்டு அம்மா, பொறுமையாக. "இப்பத்தான் நீங்க மச்சான்."

"சும்மா சொன்னேன். நீ கொடுக்கிறியான்னு பார்க்கத்தான். அந்த ஃபைல் நாலு மணிக்குப் போகுதும்மா. போகக் கூடாது. நான் போட்ட கையெழுத்தை நானே வேண்டாங்கிறேன்."

"அடையாள அட்டை?"

வெல்டர் சட்டைப்பையைத் தொட்டார். தொடும்போதே பீரோவும் துணியும் கண்முன் வந்தன. "வீட்ல இருக்கு."

"வீடு எவ்வளவு தூரம்?"

"ஒரு மணி நேரம்."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று முப்பத்தைந்து.

"என் கையெழுத்தைப் பாரும்மா. இங்கேயே போட்டுக் காட்டறேன்."

"கையெழுத்தை மச்சானும் போடுவார்." அவள் சிரிக்கவில்லை. "நீங்களே யோசிங்க. உங்க ஃபைலைக் கேட்டு இப்படி ஒருத்தர் வந்து, முதல்ல மச்சான்னு சொல்லி, அப்புறம் நான்தான்னு சொன்னா, நான் என்ன செய்யணும்னு நினைப்பீங்க?"

துரத்தணும், என்று தோன்றியது வெல்டருக்கு. முழங்காலில் வலி குத்தியது. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கொடுத்துவிடுவார்களா என்று சோதிக்க வந்து, கடைசியில் அவருக்கே கதவு சாத்தியாயிற்று. அந்த உறையோ பழுப்பு நிறத்தில் நிம்மதியாக அங்கே உட்கார்ந்திருந்தது.

"அம்மா," என்றார். இந்தத் தடவை குரலில் மச்சான் இல்லை, வெல்டரும் இல்லை. "அதைப் படிக்கப் போறது என் மாப்பிள்ளை. அவருக்குத் தெரிஞ்சா என் பொண்ணுக்குத் தெரியும். எனக்கு ஒரே பொண்ணு."

அந்த அம்மாள் எழுந்தாள். பிறகு ஜன்னலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். "உள்ளே வாங்க. உட்காருங்க."

உள்ளே பழைய தாளின் வாசனை. கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள். அவள் கதவைச் சாத்தினாள். வெளிச்சத்தம் அறுந்தது.

"அட்டை இல்லாம வர்றவங்களுக்கு இங்கே ஒரு வழி வெச்சிருக்கோம்," என்றாள். "என்ன நோய், எந்த டாக்டர், இதையெல்லாம் நான் கேட்க மாட்டேன். அது வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், மச்சானுக்கும் தெரியும். வார்டுல படுக்க வர்றவங்க கையில என்னென்ன இருந்துச்சோ, அதை ஒரு தாள்ல எழுதி, பூட்டி வெச்சு, போறப்ப திருப்பிக் கொடுப்பாங்க. அவங்கவங்க பையில என்ன இருந்துச்சுங்கிறது அவங்கவங்களுக்குத்தான் தெரியும். நீங்க எப்பவாவது இங்கே படுத்திருந்தா, எப்போ, எந்த வார்டு, கையில என்ன இருந்துச்சு, மூணையும் நீங்களே சொல்லணும். நான் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். சரியா இருந்தா மேல பேசலாம்."

வெல்டர் சாத்தின கதவைத் திரும்பிப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. அதை யாரும் சொல்லக் கூடாது என்றால், அவர்தான் இப்போது சொல்ல வேண்டும்.

"இங்கே வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அந்த அலமாரிக்குப் பின்னாடி?"

அவள் எழுந்து போய், அலமாரிக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தாள். "யாரும் இல்ல ஐயா."

"முப்பத்துநாலு வருஷம் ஆச்சு," என்றார். "பதினாலாம் வார்டு. பின்னாடி, துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்துல. குடியை விடுறதுக்கு. நாற்பத்தொரு நாள்."

சொல்லிவிட்டார். கூரை விழவில்லை. அந்த அம்மாள் புருவம்கூட உயரவில்லை. உள்ளே எங்கோ போனாள், ஒரு பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. இளஞ்சிவப்பு அட்டை போட்ட மெலிதான ஒரு கோப்போடு திரும்பி வந்து, அவருக்குத் தெரியாதபடி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"கையில என்ன இருந்துச்சு?" அதே குரல். காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி.

"ஒரு கைக்கடிகாரம். வார் அறுந்தது."

"ம்."

"வெல்டிங் கண்ணாடி. ஒரு பக்கம் கீறல். சாவி ரெண்டு." யோசித்தார். "பாதி சிகரெட் பாக்கெட்."

"இன்னும் ஒண்ணு."

"பொம்மை," என்றார் வெல்டர்.

பொம்மையை அவர் வாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்று காலையில் மனைவி வாங்கி வந்து அவர் பையில் திணித்தாள். வரும்போது இதோட வா, இது இல்லாம வராதே என்றாள். வார்டில் அதையும் பட்டியலில் எழுதிப் பூட்டிவிட்டார்கள். ஒழுங்காக முடித்துப் போகிறவனுக்குத்தான் சாமான் திரும்பக் கிடைக்கும். பதினோராம் நாள் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, ஓடிவிடலாம் என்று கேட் வரைக்கும் போய்விட்டார். காவல்காரன் அங்கே இல்லை. தெரு தெரிந்தது. சாராயக் கடை தெரிந்தது. அப்போதுதான் பொம்மை உள்ளே பூட்டிக் கிடப்பது ஞாபகம் வந்தது. அரைமணி நேரம் கேட்டடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

"என்ன நிறச் சட்டை?" என்று கேட்டாள் ரெக்கார்டு அம்மா.

"நீலம். படுக்க வெச்சா கண்ணை மூடும்."

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். கடைசி வரியில் ஒரு நர்ஸின் உருண்டைக் கையெழுத்து: பொம்மை ஒன்று, பெட்டியுடன், நீலச் சட்டை. அதற்குக் கீழே அவருடைய அந்த நாள் கையெழுத்து. வேலை கற்றுக்கொள்ள வந்தவன் முதல் நாள் இழுத்த ஒட்டு மாதிரி, கோணலும் மேடும் பள்ளமுமாக.

"நீங்கதான்," என்றாள் அவள். "இப்ப சொல்லுங்க, என்ன செய்யணும்?"

மணி மூன்று ஐம்பது. அவள் பழுப்பு உறைகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே முப்பத்தொரு பக்கம்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்த இளஞ்சிவப்பு அட்டை இதுக்குள்ள இல்ல. இது வேற பீரோ. எல்லாம்னு யார் டிக் போட்டாலும் இது நகராது. இதுக்குன்னே தனியா எழுதி, நீங்க நேர்ல வந்து, நான் படிச்சுக் காட்டி, அப்புறம் போடுற கையெழுத்துக்குத்தான் இது வெளியே போகும்."

வெல்டர் நாற்காலியில் சாய்ந்தார். முதுகில் சட்டை ஒட்டியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. "அப்ப நான் வந்திருக்கவே வேண்டாமா?"

ரப்பர் விரலால் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அந்தப் பக்கத்தைத் தனியாக உருவி எடுத்தாள்.

"வந்தது நல்லதாப் போச்சு," என்றாள். "பத்து வருஷத்துக்கு முன்னாடி சர்க்கரை டாக்டரைப் பார்த்திருக்கீங்க. முன்னாடி குடிச்சீங்களான்னு அவர் கேட்டிருக்கார், நீங்க சொல்லியிருக்கீங்க. அவர் எழுதிட்டார். வார்டு நம்பரோட. இது பொது ஃபைல்ல இருக்கு. இது போயிருக்கும்."

"பார்த்தியா," என்றார் வெல்டர். சந்தேகப்பட்டது சரிதான் என்று ஆகும்போது வருகிற திருப்தியும் அதில் இருந்தது, பயமும் இருந்தது. "அந்த டாக்டர் நல்லாப் பேசினார். நல்லாப் பேசறவங்ககிட்டத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்."

"அவர் எழுத வேண்டியது அவர் வேலை. அனுப்ப வேண்டியதை மட்டும் அனுப்பறது எங்க வேலை. ஆனா எதை அனுப்பலாம்னு சொல்ல வேண்டியது நீங்க. நீங்க எல்லாத்தையும்னு சொல்லியிருந்தீங்க."

"அது நான் சொல்லல. டிக் சொல்லுச்சு."

"கீழே கையெழுத்து உங்களோடது."

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்றார் வெல்டர்.

"தெரியட்டும். டாக்டரே வந்து உட்கார்ந்தாலும் நான் படிச்சுத்தான் காட்டுவேன். எல்லாருக்கும் இதான்."

படித்தாள். யாருக்கு அனுப்ப வேண்டும், எதற்காக, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்த உறுப்பு, எத்தனை நாளைக்கு இந்தச் சம்மதம் செல்லும். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி அவரைக் கேட்டாள். வலது முழங்கால் மட்டும், என்றார். கடைசி இரண்டு வருஷம் மட்டும். ஆபரேஷனுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, மூணு மாசம் என்றார். வேண்டாம் என்று தோன்றினால் நடுவிலேயே வந்து ரத்து செய்யலாம் என்று அவள் படித்தபோது, "அதை இன்னொரு தடவை படி," என்றார். படித்தாள்.

கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்து போட்ட கையெழுத்து. அதனால் கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

பழைய படிவத்தின் குறுக்கே ரத்து என்று முத்திரை குத்தினாள். முப்பத்தொன்றில் ஒன்பது பக்கம் உறைக்குள் போயிற்று. மற்றவை அலமாரிக்குத் திரும்பின.

"மாப்பிள்ளை கேட்பார், ஏன் இவ்வளவுதான் வந்துச்சுன்னு."

"முழங்காலுக்கு வேண்டியது முழங்காலுக்கு வந்துச்சுன்னு சொல்லுங்க. அதுக்கு மேல கேட்க அவருக்கும் வழியில்ல, அவங்க கம்பெனிக்கும் வழியில்ல."

நாலு மணிக்கு உறை வாங்குகிற ஆள் வந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனான். அந்தப் பை கண்ணுக்கு மறைகிற வரைக்கும் வெல்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போன மாதிரி இருந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது.

ஆனாலும் எழுந்தவர் நேராகக் கதவுக்குப் போகவில்லை. இளஞ்சிவப்புக் கோப்பை அவள் கொண்டுபோய் வைத்த பீரோ பக்கம் நடந்தார். பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கொண்டியைத் தட்டினார். கட்டைவிரல் நகத்தால் ஒட்டின இடத்தைச் சுரண்டினார்.

"இதை எவன் வெச்சான்?"

"ஏன் ஐயா?"

"மூணே பொட்டு வெச்சு ஒட்டியிருக்கான். சுத்தியலால ஓங்கி ஒண்ணு போட்டாக் கையோட வந்துடும். இதுக்குள்ளதான் என் மானத்தைப் பூட்டி வெச்சிருக்கியா? திங்கட்கிழமை என் மெஷினைக் கொண்டுவர்றேன். பத்து நிமிஷ வேலை. சுத்திவர ஒட்டிக் கொடுத்துடறேன்."

"வெளியாளுங்களை இந்தப் பீரோகிட்ட விட மாட்டோம் ஐயா. இப்ப நீங்க நிக்கிறதே தப்பு."

வெல்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதில் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

படி ஏறி வெளியே வந்தபோது போன் அடித்தது. வாசல் முழுக்க ஆட்கள். ஒருத்தன் தன் அத்தையின் சிறுநீரகத்தைப் பற்றி எதிர்ப்பக்கத் தெருவுக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தான். வெல்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஆச்சு."

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. இங்கே உயிர் போகுது."

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"பக்கத்துல யாரு?"

"ஊரே இருக்கு."

அவள் மெதுவாகக் கேட்டாள். "பாலம்?"

"நிக்குது," என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, வரும்போது வெங்காயம் வாங்கி வாங்க என்றாள். அவர் சரி என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கால் காலையில் வலித்த மாதிரியேதான் வலித்தது, ஆனால் நடை கொஞ்சம் வேகமாக இருந்தது. இந்த அம்மாள் சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவளுக்கும் ஐம்பது வயது ஆகிறது. இன்னும் எட்டுப் பத்து வருஷத்தில் வேலையை விட்டுப் போவாள். அவள் நாற்காலியில் அடுத்து வந்து உட்காருகிறது யாரோ. படித்துக் காட்டுவானா, அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பானா, யாருக்குத் தெரியும்? அதுவும் அந்தக் கொண்டி. மூணே பொட்டு.

பஸ் வந்தது. ஏறும்போது ஒரு தடவை ஆஸ்பத்திரி பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு, யாரும் இல்லாத சீட்டாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தார்.